பங்காளிக்கு ஒரு பக்க அறிக்கை

புதிய கடை கட்டுகிறோம், கிளை திறக்கிறோம், மெஷின் இறக்கிப் பூட்டுகிறோம். இப்படியான வேலைகளில் தனி ஒருவருடைய காசு மட்டும் இருப்பது இன்று குறைவு. மச்சானுடைய பங்கு இருக்கும், வெளிநாட்டில் உள்ள தம்பியுடைய பங்கு இருக்கும், வங்கிக் கடனும் இருக்கும். வேலையை நடத்துபவர் ஒருவர். காசைப் போட்டுவிட்டுத் தூரத்தில் இருந்து பார்த்துக் கொண்டிருப்பவர்கள் பலர். இந்த இரு சாராருக்கும் இடையில் மாதா மாதம் போக வேண்டிய ஒரு சிறிய கடதாசியைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன். பெரிய கம்பனிகளில் இதை முன்னேற்ற அறிக்கை என்பார்கள். நம்மவர்களிடம் இதற்குப் பெயரும் இல்லை, பழக்கமும் இல்லை.

நான் சாதாரண தரம் வரை படித்துவிட்டுக் கடையில் ஏறியவன். இதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. தப்புச் செய்துதான் கற்றேன்.

2022 ஜனவரியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு களஞ்சியசாலை கட்டத் தொடங்கினோம். 45 இலட்சம் என்று கணக்கு. பொறுப்பு என்னுடையது. ஒரு பங்காளி கட்டாரில் வேலை செய்பவர், என்னைவிட வயதில் இளையவர். தன் பங்கை முழுமையாக முதலிலேயே அனுப்பிவிட்டார். மார்ச்சில் டொலர் ஏறத் தொடங்கியது. 200 ரூபா மட்டில் இருந்தது மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. சீமெந்தும் கம்பியும் அதோடு சேர்ந்து ஏறின. டீசல் இல்லாமல் லொறிகள் வரிசையில் நின்றன. ஜூனில் சுவர் அரைவாசியோடு வேலை நின்றது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம்பி கோல் எடுப்பார். “வேலை எப்படி நாநா?” என்று கேட்பார். “நல்லாப் போகுது தம்பி” என்பேன். அந்நிய நாட்டில் வெயிலில் நிற்கும் மனிதனை ஏன் கவலைப்படுத்த வேண்டும், நிலைமை சரியானதும் சொல்லிக் கொள்வோம் என்பதே என் எண்ணம். ஜூலையில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் போயிருக்கிறார். புல் முளைத்துக் கிடந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

அன்று இரவு தம்பி சத்தம் போடவில்லை. ஒரு கணக்கைத்தான் சொன்னார். அவர் காசு அனுப்பும்போது ஒரு கட்டார் ரியால் சுமார் 55 ரூபா. மே மாதத்தில் அதே ரியால் 98 ரூபாவுக்குக் கிட்ட. “மே மாசமே சொல்லியிருந்தா, நாநா, குறைஞ்ச ரியாலிலே இந்தப் பள்ளத்தை நானே நிரப்பியிருப்பேனே. சும்மா கிடந்த காசிலே போன மாசம்தான் காணி ஒன்றுக்கு முற்பணம் கட்டினேன்” என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு ஒரு விடயத்தைத் தெளிவாக்கியது. அவர் முடிவு எடுப்பதற்கான சந்தர்ப்பத்தை நான் பறித்துவிட்டேன். அறிக்கை என்பது நம் திறமையைக் காட்டும் கடதாசி அல்ல. காசு போட்டவர் காலம் தவறாமல் தீர்மானம் எடுப்பதற்கான கடதாசி. இதை மனதில் வைத்துக்கொண்டால் என்ன எழுதுவது, எதை விடுவது என்பது தானாகவே விளங்கும்.

யாருக்கு எழுதுகிறோம்?

முதலில் வேலையோடு சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் “இவர் என்ன முடிவு எடுக்க வேண்டியவர்?” என்று குறித்துக் கொள்ளுங்கள். பங்காளி இன்னும் காசு போடுவதா என்று தீர்மானிப்பவர். வங்கிகள் கட்டடக் கடனைப் பொதுவாகக் கட்டம் கட்டமாகவே விடுவிக்கும். ஆகவே வங்கி அதிகாரிக்கு எந்தக் கட்டம் முடிந்தது என்பதே தேவை. கொந்தராத்துக்காரருக்கு அடுத்த கிழமை எந்தச் சாமான் எப்போது வரும் என்பது தேவை.

எல்லோருக்கும் ஒரே நீளத்தில் எழுத வேண்டியதில்லை. ஆனால் இலக்கங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வங்கிக்கு ஒரு கணக்கு, பங்காளிக்கு ஒரு கணக்கு என்று போனால் என்றோ ஒருநாள் இரண்டு தாளும் ஒரே மேசையில் சந்திக்கும்.

“முக்கால்வாசி முடிந்தது” என்ற சொல்

நம் வேலைகளில் அதிகம் ஏமாற்றும் சொல் இதுதான். கேட்பவருக்கு நிம்மதி, சொல்பவருக்கும் நிம்மதி. ஆனால் எதை வைத்து முக்கால் என்கிறோம்? பலர் செலவழித்த காசை வைத்தே சொல்கிறார்கள். காசு முடிவது வேறு, வேலை முடிவது வேறு.

ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு மாடிக் கடை. மொத்தக் கணக்கு 80 இலட்சம், 10 மாத வேலை. தொடங்குமுன் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து விலை போடுகிறோம். அத்திவாரம் 12 இலட்சம். தூண்களும் கீழ்ச் சுவரும் 12. மேல்தட்டுக் கொங்கிறீட் 16. மேல் சுவர் 10. கூரை 14. வயரிங், தண்ணீர்க் குழாய் 8. பூச்சு, கதவு, நிறம் 8. கூட்டினால் 80.

ஐந்தாம் மாத முடிவில் மேல்தட்டு வரை முடிந்திருக்க வேண்டும். அதாவது 40 இலட்சம் பெறுமதியான வேலை. கணக்குப் புத்தகத்தில் செலவு 30 இலட்சம்தான். இதைப் பார்த்து “40 போக வேண்டிய இடத்தில் 30 தான் போயிருக்கிறது, 10 இலட்சம் மிச்சம்” என்று சந்தோசப்படுபவர்கள் உண்டு.

இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மேல்தட்டு இன்னும் போடவில்லை. முடிந்தது அத்திவாரமும் தூணும் கீழ்ச் சுவரும்தான். அவற்றின் பெறுமதி 24 இலட்சம். 24 இலட்ச வேலைக்கு 30 இலட்சம் போயிருக்கிறது. அதாவது செலவழித்த ஒவ்வொரு ரூபாவுக்கும் 80 சதத்துக்கே வேலை நடந்திருக்கிறது. மீதி வேலை 56 இலட்சம். இதே போக்கில் போனால் அதற்கு 70 இலட்சம் வேண்டும். மொத்தம் 100 இலட்சம். கையில் இருப்பதோ 50. ஆகவே மிச்சம் 10 அல்ல, துண்டு விழுவது 20 இலட்சம்!

இந்தக் கணக்குக்கு மூன்று இலக்கங்கள் போதும்: இன்று வரை முடிந்திருக்க வேண்டிய வேலையின் பெறுமதி, உண்மையில் முடிந்த வேலையின் பெறுமதி, போன செலவு. பெரிய பொறியியல் கம்பனிகள் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் தேவை. பாதியில் நிற்கும் துண்டை முடிந்ததாகச் சேர்க்காதீர்கள். வாங்கி வைத்துப் பாவிக்காமல் இருக்கும் கம்பியையும் சீமெந்தையும் இந்தச் செலவில் கலக்காமல் தனியே காட்டுங்கள்.

வத்தகப்பழ அறிக்கை

வேலையின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வீதி விளக்குப் போல் குறிப்பிடும் வழக்கம் கம்பனிகளில் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் எவரும் தன் வேலையைச் சிவப்பு என்று எழுத விரும்புவதில்லை. அதனால் வெளியே பச்சை, உள்ளே சிவப்பாக இருக்கும் அறிக்கைக்கு வத்தகப்பழம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கெட்ட செய்தி கடைசி நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜேர்மனியின் புதிய பேர்லின் விமான நிலையம் ஒரு பாடம். 2012 ஜூன் 3 ஆம் திகதி திறப்பதாக நாள் குறித்திருந்தார்கள். மே 8 ஆம் திகதி, நான்கு கிழமை கூட இல்லாத நிலையில், திறப்பு ஒத்திவைக்கப்பட்டது. தீப்பாதுகாப்பு வேலைகள் சரிவரவில்லை. கடைசியில் அது திறந்தது 2020 ஒக்டோபர் 31 இல். எட்டு வருடத்துக்கும் மேல். பொறியியலாளர்கள் நிறைந்த ஜேர்மனியில் இப்படி என்றால், நம் கடைக்கு எவ்வளவு கவனம் தேவை?

மாதம் ஒரு நிறம் வைப்பதற்கு முன்கூட்டியே ஓர் அளவை எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உதாரணமாக, செலவு 10 சதவீதம் கூடினால் மஞ்சள், 20 சதவீதம் கூடினால் சிவப்பு. அப்போது நிறத்தைக் கணக்கு தீர்மானிக்கும். நம் மனநிலை தீர்மானிக்காது.

கெட்ட செய்தியை எழுதும் முறை

கெட்ட செய்தியைத் தனியாக அனுப்பக் கூடாது. அதோடு நான்கு விடயங்கள் சேர்ந்து போக வேண்டும். என்ன நடந்தது? அதனால் எத்தனை ரூபா, எத்தனை நாள் பாதிப்பு? நான் என்ன செய்யப் போகிறேன்? உங்களிடமிருந்து எனக்கு என்ன, எந்தத் திகதிக்குள் தேவை? இந்த நான்கில் கடைசியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அது இல்லாவிட்டால் வாசிப்பவர் கவலைப்பட்டுவிட்டுக் கடதாசியை மடித்து வைப்பார். வேறொன்றும் நடக்காது.

மேலே சொன்ன கடைக்கான ஐந்தாம் மாத அறிக்கையை நான் இப்படி எழுதுவேன்:

அறிக்கை இலக்கம் 5. நிலை: சிவப்பு.
சுருக்கம்: வேலை தாமதம். இந்தப் போக்கில் 20 இலட்சம் துண்டு விழும். வரும் 20 ஆம் திகதிக்குள் உங்கள் முடிவு தேவை.
முடிந்தவை: அத்திவாரம், தூண்கள், கீழ்ச் சுவர்.
முடியாதது: மேல்தட்டு. இம்மாதம் முடிந்திருக்க வேண்டியது.
காசு: திட்டம் 40, முடிந்த வேலை 24, செலவு 30, கையில் 50 இலட்சம்.
காரணம்: கம்பி விலை ஏற்றம், அத்திவாரம் நினைத்ததை விட ஆழமாகப் போனது.
வழி 1: பங்குக்கு ஏற்ப எல்லோரும் சேர்ந்து 20 இலட்சம் போடுவது.
வழி 2: மேல்தட்டோடு நிறுத்தி, கீழ்த் தளத்தை முடித்துக் கடையைத் திறப்பது. மேல் மாடி பிறகு. கையில் உள்ள காசு போதும்.
என் கருத்து: வழி 2.
அடுத்த அறிக்கை: வரும் மாதம் 5 ஆம் திகதி.

இவ்வளவுதான். ஒரு பக்கம் கூட வராது. சுருக்கம் முதலில் இருப்பதைக் கவனியுங்கள். மத்தியான நேரத்தில் கடையில் நின்றுகொண்டு வாசிப்பவர் முதல் மூன்று வரியோடு நிறுத்தினாலும் விடயம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சில பழக்கங்கள்

திகதியை மாற்றாதீர்கள். நல்ல மாதமானாலும் கெட்ட மாதமானாலும் ஒரே திகதியில் அறிக்கை போக வேண்டும். கெட்ட மாதத்தில் மட்டும் பிந்தினால், பிந்துவதே ஒரு செய்தியாகிவிடும்.

வட்ஸ்அப்பில் அனுப்புவதில் பிழையில்லை. ஆனால் நான்கு நிமிடக் குரல் பதிவு அறிக்கை ஆகாது. ஆறு மாதம் கழித்து அதிலே ஓர் இலக்கத்தைத் தேடி எடுக்க முடியாது. எழுதி, திகதி போட்டு, ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்களோடு அனுப்புங்கள். ஒரு பிரதியைக் கோவையில் வையுங்கள்.

போன மாதம் சொன்னது என்ன ஆனது என்பதை இம்மாதம் ஒரு வரியில் எழுதுங்கள். “15 ஆம் திகதி மேல்தட்டு போடுவோம் என்றேன், 22 இல்தான் போட்டோம்” என்று எழுதும் ஆளை யாரும் சந்தேகிப்பதில்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது

“எங்களுக்குள் எழுத்து எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும். பங்குடைமை விடயத்தில் இங்கு ஆங்கிலச் சட்டமே பின்பற்றப்படுகிறது. 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டத்தின் 28 ஆவது பிரிவு, ஒரு பங்காளி மற்றப் பங்காளிக்கு உண்மையான கணக்கையும் முழுத் தகவலையும் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆகவே அறிக்கை கொடுப்பது நாம் செய்யும் உபகாரம் அல்ல. அது மற்றவரின் உரிமை.

எங்கள் களஞ்சியசாலை 2023 கடைசியில்தான் முடிந்தது. தம்பி பங்கை எடுத்துக் கொண்டு போகவில்லை. ஆனால் நிபந்தனை ஒன்று போட்டார். மாதம் 5 ஆம் திகதி ஒரு பக்கம் வர வேண்டும். இன்று வரை அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் கோல் எடுக்கிறார். வேலையைப் பற்றிக் கேட்பதில்லை, பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்கிறார்.

உங்கள் கையிலும் பிறருடைய காசில் நடக்கும் வேலை ஒன்று இருக்கலாம். வரும் 5 ஆம் திகதி வரை காத்திருக்க வேண்டாம். இன்று கடை பூட்டுமுன் அந்த மூன்று இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.