சூறாவளியின் வழித்தடம்

அட்லாண்டிக் பெருங்கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கும் புயல் பருவத்தில் பெரும்பாலும் உருவாகி, காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டும் வெப்பமண்டலப் புயல்கள் 'ஹரிகேன்' எனப்படுகின்றன. வங்காள விரிகுடாவின் கடும் புயல்களும் இதே இயக்கத்தால் பிறப்பவையே. இவற்றைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனிதருக்கு இல்லை என்பதால், அவை எங்கே, எப்போது, எவ்வளவு வலிமையோடு கரையைக் கடக்கும் என்பதை முன்னறிவதும், அறிந்ததை உரிய நேரத்தில் மக்களிடம் சேர்ப்பதுமே உயிர்களைக் காக்கும் வழியாகின்றன.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கு நோக்கி நகரும் காற்றலைகள் பல ஹரிகேன்களுக்கு வித்தாகின்றன. கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், கணிசமான ஆழம்வரை வெதுவெதுப்பாக இருக்குமானால், அதிலிருந்து ஆவியாகும் நீர் மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிறது. அப்போது நீராவி தன்னுள் அடக்கி வைத்திருந்த உள்ளுறை வெப்பம் வெளிப்பட்டுச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்க, கீழே காற்றழுத்தம் குறைந்து, மேலும் ஈரக்காற்று நாற்புறமிருந்தும் உள்ளே இழுக்கப்படுகிறது. பூமியின் சுழற்சியால் விளையும் கொரியாலிஸ் விளைவு அந்தக் காற்றை வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுழல வைக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த விளைவு மிகக் குறைவு என்பதால் அங்கே புயல்கள் பிறப்பது அரிது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் பெரிதும் மாறுபட்டால், எழும் மேகத்தூண்கள் சாய்ந்து சிதைந்துவிடும். அத்தகைய இடையூறு இல்லாதபோதுதான் 'கண்' எனப்படும் அமைதியான மையமும், அதைச் சூழ்ந்து மிகக் கடுமையான காற்றும் மழையும் கொண்ட கண்சுவரும் உருவாகின்றன.

புயல் தன் விருப்பப்படி நகர்வதில்லை. சுற்றியுள்ள பெருங்காற்றோட்டங்களே அதைச் செலுத்துகின்றன. அசோர்ஸ், பெர்முடா தீவுப் பகுதிகளில் நிலைகொள்ளும் உயரழுத்த மண்டலம் வலுவாக இருந்தால், புயல் அதன் தென் விளிம்பை ஒட்டி மேற்கே கரீபியன் நோக்கிச் செல்லும். அம்மண்டலம் வலுவிழந்தால் வடக்கே திரும்பி, பின்னர் வடகிழக்காக வளையும்.

இந்தத் திருப்பத்தைத் தவறாகக் கணித்ததன் விலையை 1900 செப்டம்பர் 8 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரம் கொடுத்தது. கியூபாவைக் கடந்த புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் செல்லும் என்று ஹவானாவின் வானிலையாளர்கள் கருத, அது வடகிழக்கே வளைந்துவிடும் என்று அமெரிக்க வானிலை அமைப்பு நம்பியது. கியூபாவிலிருந்து வானிலைத் தந்திகள் செல்வதையும் அமெரிக்க நிர்வாகம் தடுத்திருந்தது. மிக உயர்ந்த இடமே 3 மீட்டரைத் தொடாத அந்தத் தீவு நகரத்தில் கடல் 4.5 மீட்டருக்கும் மேல் எழும்பியது. குறைந்தது 6,000 பேர் மாண்டனர்.

1943 ஜூலையில் அதே கால்வெஸ்டனை நெருங்கிய ஒரு சூறாவளிக்குள், ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க ராணுவ விமானப்படை அதிகாரி ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தைச் செலுத்தி, அதன் கண்ணை அடைந்து திரும்பினார். திட்டமிட்டுப் புயலுக்குள் பறக்கும் மரபு அன்று தொடங்கியது. 1960இல் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 ஏவப்பட்ட பின், ஆளில்லாக் கடல்வெளியில் பிறக்கும் புயலும் கண்ணுக்குத் தப்பாத நிலை படிப்படியாக உருவானது.

ஆனாலும் மேலிருந்து எடுக்கும் படம் மட்டும் போதாது. இன்றும் விமானங்கள் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரத்தில் கண்சுவரைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள குழாய் வடிவக் கருவிகளைக் கீழே விடுகின்றன. சிறு பாராசூட்டில் தொங்கியபடி கடலில் விழும் அந்தச் சில நிமிடங்களுக்குள், அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றை அக்கருவி வானொலி அலை வழியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இவை கணினி மாதிரிகளுக்குள் செல்ல, மியாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையம் புயலின் பாதையைக் கூம்பு வடிவில் வரைந்து வெளியிடுகிறது. அந்தக் கூம்பு புயலின் பரப்பளவைக் குறிப்பதன்று, மையம் பெரும்பாலும் செல்லக்கூடிய எல்லையை மட்டுமே குறிக்கிறது. ஆகவே கூம்புக்கு வெளியே வசிப்போரும் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் ஆளாகலாம்.

கடந்த முப்பது ஆண்டுகளில் பாதைக் கணிப்பின் பிழை பாதிக்கும் கீழே குறைந்திருக்க, வலிமையைக் கணிப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் பசிபிக் கரையை நெருங்கிய ஓட்டிஸ் புயல், சூறாவளி நிலையை எட்டாமலே கரையைக் கடக்கும் என்று ஒரு நாளுக்குச் சற்று முன்புவரை மதிப்பிடப்பட்டிருந்தது. விமானம் உள்ளே சென்று அளந்தபோதுதான் அதன் அசுர வளர்ச்சி தெளிவானது. மிக உயர்ந்த ஐந்தாம் வகைச் சூறாவளியாக அது அகாபுல்கோ நகரைத் தாக்கும் என்பது உறுதியானபோது, மக்கள் இடம்பெயரச் சில மணி நேரமே எஞ்சியிருந்தது.

கால்வெஸ்டனில் கையிலிருந்த அறிவு புறக்கணிக்கப்பட்டது. அகாபுல்கோவில் அறிவே காலந்தாழ்ந்து கிடைத்தது. முதற்குறையைக் களைய நாடுகளுக்கிடையே வானிலைத் தகவல் தடையின்றிப் பாய வேண்டும். இரண்டாவதைக் களையக் கடலிலும் வானிலும் அளவீடுகள் பெருக வேண்டும். இவற்றுக்குச் செலவிடும் பணத்தைச் சிக்கனத்தின் பெயரால் குறைக்கும் அரசு, கரையோர மக்களுக்குக் கிடைக்க வேண்டிய தற்காப்பு நேரத்தையே குறைக்கிறது.