பெண் பல்லிக்கு ஆண்பால் பெயர்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்கென்று அதிகாரபூர்வமான ஊர்வன ஒன்று உண்டு. சாட்டைபோல் நீண்ட வாலும் முதுகு நெடுகக் கோடுகளும் கொண்ட பல்லி அது. அறிவியல் பெயர் அஸ்பிடோஸ்கெலிஸ் நியோமெக்சிகானஸ். இந்தச் சிற்றினத்தில் ஆணே கிடையாது. பிறப்பதெல்லாம் பெண். 'நியோமெக்சிகானஸ்' என்பதோ லத்தீனில் ஆண்பால்!

இரு வேறு சிற்றினங்கள் கலந்ததால் உருவான பல்லி இது. முட்டையாகப்போகும் செல்லில் குரோமோசோம்கள் வழக்கத்தைவிட ஒருமுறை கூடுதலாக இரட்டிக்கின்றன. பிறகு பாதியாகக் குறைந்தாலும், தாயின் முழுத் தொகுதி மகளுக்குக் கிடைத்துவிடுகிறது. தகப்பனுக்கு வேலையே இல்லை.

அப்படியிருக்க, ஆண்பால் எங்கிருந்து வந்தது? விலங்கியல் பெயரில் முதற்சொல் பேரினம், அது பெயர்ச்சொல். சிற்றினத்தைச் சுட்டும் இரண்டாம் சொல் பெயரடையாக இருந்தால், முதற்சொல்லின் பாலுக்கேற்ப அதன் ஈறு மாற வேண்டும் என்பது பன்னாட்டு விதி. தமிழில் பல்லி அஃறிணை. பெயரடையும் பால் பார்ப்பதில்லை. லத்தீனில் அந்தச் சலுகை இல்லை.

இந்த விதியால் அலைக்கழிந்தது இதன் உறவான ஆறுகோட்டுப் பல்லி. 1766-இல் லின்னேயஸ் அதை லாசெர்டா என்ற பேரினத்தில் வைத்தார். லாசெர்டா பெண்பால், எனவே 'செக்ஸ்லினியாட்டா', அதாவது ஆறு கோடுடையது. பின்னர் அது நெமிடோஃபோரஸ் பேரினத்துக்குப் போனது. 'காற்கவசம் தரித்தவன்' என்று பொருள்படும் ஆண்பால் பெயர் அது, 'செக்ஸ்லினியாட்டஸ்' ஆயிற்று. 2002-இல் ரீடர், கோல், டெசவர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வட அமெரிக்கச் சிற்றினங்களைப் பிரித்தெடுத்து, 1843-இல் ஃபிட்சிங்கர் சூட்டிய அஸ்பிடோஸ்கெலிஸ் என்ற பழம்பெயரை மீட்டார்கள். கிரேக்கத்தில் 'அஸ்பிஸ்' கேடயம், 'ஸ்கெலோஸ்' கால். கவசம் போய்க் கேடயம் வந்தது. பெயரைப் பெண்பாலாகக் கொண்டதால் ஈறும் மறுபடி 'ஆட்டா' ஆனது.

2016-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இலக்கணத்தைத் திரும்பப் பார்த்து, அஸ்பிடோஸ்கெலிஸ் ஆண்பாலே என்றது. இருபாலுக்கும் பொதுவான சொல்லில் முடியும் பேரினப் பெயரை, சூட்டியவர் பெண்பாலாகக் காட்டியிராவிட்டால், ஆண்பாலாகக் கொள்ள வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. ஆகவே மீண்டும் 'ஆட்டஸ்'. 'நியோமெக்சிகானா' என்றிருந்ததும் 'நியோமெக்சிகானஸ்' ஆயிற்று.

இதே பேரினத்தின் 'டைகிரிஸ்' என்ற சிற்றினமோ இந்தக் களேபரத்தில் சிக்கவில்லை. அது புலியைக் குறிக்கும் பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லின் ஈறு மாறாது.

ஈறு காட்டுவது பேரினச் சொல்லின் பாலைத்தான், பல்லியின் பாலை அல்ல. ஒரு நூலில் 'ஆட்டா', இன்னொன்றில் 'ஆட்டஸ்' என்று கண்டால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே பல்லிதான்.