கார் மேல பெயிண்ட் புள்ளி படிஞ்சிடுச்சா? தின்னரை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

காலையில் பளிச்சென்று நிறுத்திவிட்டுப் போன கார். ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் வந்து கதவில் கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு. குனிந்து பார்த்தால் கடுகைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கான புள்ளிகள். பக்கத்து மனையில் யாரோ புது கேட்டுக்கு ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் 'ஓவர்ஸ்ப்ரே'.

தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கிற மணிமங்கலத்தை, நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியோடு போரிட்ட ஊராகப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். இன்றைக்கு அது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதிக்குள் வரும் ஊர். மனை, வீடு, ஷெட், காம்பவுண்டு என்று கட்டட வேலை ஓயாத வட்டாரம். கட்டடம் என்றால் இரும்பு கேட், கிரில், தகர ஷெட் உண்டு. இரும்பு என்றால் பெயிண்ட் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. 1998-ல் உற்பத்தி தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், 2010-ல் திறக்கப்பட்ட ஒரகடம் ரெனோ–நிசான் போன்ற கார் ஆலைகளில் பெயிண்ட் அடிப்பது மூடிய அறைக்குள்தான். மேலிருந்து கீழே காற்றைத் தள்ளி, தப்பிப் போகிற பெயிண்ட் துளியைப் பிடித்துவிடுகிற அமைப்பு அது. அப்படிப் பூசி வெளியே வந்த அதே கார், திறந்த வெளியில் கம்ப்ரஸர் வைத்து ஸ்ப்ரே அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது மாட்டிக்கொள்கிறது.

எப்படி ஒட்டுது?

ஸ்ப்ரே கன் பெயிண்ட்டை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து வீசுகிறது. அதிக அழுத்தத்தில் அடிக்கும் பழைய வகை கன்னில் பாதிக்கும் மேற்பட்ட பெயிண்ட் பொருளின் மேல் படாமலே போய்விடும். கம்பிக்குக் கம்பி இடைவெளி இருக்கிற கிரில் என்றால் இன்னும் மோசம்.

தப்பிய துளி காற்றில் போகும்போதே காய ஆரம்பிக்கும். தூரத்தில் நிற்கிற கார் மேல் விழுவதற்குள் அது வெறும் தூசி ஆகிவிடும். ஷாம்பு போட்டுக் கழுவினாலே போய்விடும். கிட்ட நிற்கிற கார் மேல் ஈரமாகவே விழுந்து ஒட்டிக் காய்கிறது. அதனால்தான் ஒரே தெருவில் நிற்கும் இரண்டு கார்களில் ஒன்று வாட்டர் வாஷோடு தப்பிக்கும், இன்னொன்று தப்பாது.

நல்ல விஷயம் என்னவென்றால், இந்தப் புள்ளி காரின் பெயிண்ட்டுக்குள் போகவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. தேய்த்து, பிடிப்பு ஏற்படுத்திப் பூசிய பெயிண்ட் மாதிரி இறுக்கமாக அது பிடிக்காது. கெட்ட விஷயம், காருக்கு மேலாக இருக்கிற 'கிளியர் கோட்' என்ற நிறமில்லாத பூச்சு ரொம்ப மெல்லியது. பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. வெயிலில் இருந்து நிறத்தைக் காப்பது அதுதான். தேய்ந்தால் திரும்ப வளராது. உண்மையைச் சொன்னால், ஓவர்ஸ்ப்ரே கெடுத்த கார்களைவிட அதை எடுக்கப் போய் கெடுத்த கார்களே அதிகம் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

'அண்ணே, என்ன பெயிண்ட் அடிச்சீங்க?'

சண்டைக்குப் போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். காலி டின்னை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. வைத்தியம் மொத்தமும் அந்த டின்னைப் பொறுத்தது.

சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் என்றால் தண்ணீரில் கரைத்தது. அன்றைக்கே பார்த்துவிட்டால் வெதுவெதுப்பான ஷாம்பு தண்ணீரில் ஊறவைத்து மென்மையான துணியால் துடைத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். காய்ந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டு ஒற்றி எடுக்கலாம்.

கேட்டுக்கு வழக்கமாக அடிப்பது சிந்தடிக் எனாமல். அதற்கு அடியில் செங்காவி நிறத்தில் ரெட் ஆக்சைடு ப்ரைமர். வெள்ளைக் காரில் பார்த்ததும் வயிற்றைக் கலக்குவது இந்தச் செங்காவிப் புள்ளிதான். இரண்டும் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும் வகை. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்தாலும் முழுசாக இறுகப் பல நாள் ஆகும். அந்த அவகாசம்தான் நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு. பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனையோ மண்ணெண்ணெயையோ துணியில் நனைத்து, புள்ளி மேல் சில விநாடி வைத்து, அழுத்தாமல் துடைக்க வேண்டும். உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் பக்கம் அது வழியக் கூடாது. பீடி, சிகரெட், வெல்டிங் பொறி எதுவும் கிட்ட இருக்கக் கூடாது.

ஹார்டனர் கலந்து அடிக்கிற பி.யு. பெயிண்ட்தான் பிடிவாதக்காரர். வேதிவினையில் இறுகுவது என்பதால் காய்ந்த பிறகு எந்தத் தின்னரும் அதைச் சரியாகக் கரைக்காது. வாகனங்களுக்கும் சில நேரம் மர வேலைகளுக்கும் இதை அடிக்கிறார்கள். இதில் கரைப்பானோடு மல்லுக்கட்டாமல் அடுத்த வழிக்குப் போய்விடுவது நல்லது.

சில நேரம் அது பெயிண்ட்டாகவே இருக்காது. கிரைண்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் நிற்கும் காரில் இரும்புத் துகள் பதிந்து துருப் புள்ளியாகும். பார்க்க ரெட் ஆக்சைடு மாதிரியே இருக்கும். கார் சாமான் கடையில் கிடைக்கும் 'அயர்ன் ரிமூவர்' தெளித்து, அது வயலட் நிறத்தில் வழிந்தால் இரும்பு. துகளை முதலில் அதிலேயே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தேய்க்கும்போது கீறல் விழும்.

களிமண் வைத்தியம்

கழுவியும் போகாத புள்ளிக்கு உலகம் முழுக்க டீடெய்லிங் கடைகளில் முதலில் எடுப்பது 'க்ளே பார்'. பெயர்தான் களிமண். உண்மையில் நுண்ணிய தேய்ப்புப் பொடி கலந்த செயற்கைப் பிசின். ஜப்பானைச் சேர்ந்த டடாவோ கொடாத்தே என்பவர் இதற்கு 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மேற்பரப்பில் துருத்தி நிற்பதை மட்டும் இது பிடித்து இழுத்துவிடும்.

காரை நன்றாகக் கழுவி, நிழலில், தகடு சூடில்லாமல் இருக்கும்போது செய்யுங்கள். ஒரு முழம் அளவுள்ள இடத்தில் ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, க்ளே துண்டைத் தட்டையாக்கி, எடையே போடாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் சரசரவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்குப் பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே மண்ணில் விழுந்துவிட்டால் காசு பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ஒட்டிய மணல் பானெட் முழுக்கக் கோடு போட்டுவிடும். சரியாக எடுபட்டதா என்று பார்க்க, மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகூட விரலுக்குத் தெரியும். கடைசியாக வாக்ஸ் போட வேண்டும், ஏனென்றால் க்ளே பழைய வாக்ஸையும் எடுத்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மெஷின் பாலிஷ், அதற்கும் மேலே வாட்டர் பேப்பர். இவை இரண்டும் கிளியர் கோட்டையே சீவுகிற வேலை. பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருக்கிற கடையிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

தின்னர் ஏன் வேண்டாம்?

ஆலையில் 140 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு இறுக்கிய கிளியர் கோட், தின்னரை ஒரு நொடி தாங்கிவிடலாம். ஆனால் டிங்கரிங் செய்து பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த கதவு தாங்கும் என்று நம்ப முடியாது, புள்ளியோடு காரின் நிறமும் துணியில் வந்துவிடலாம். செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருப்பவர்கள் கதவு ரப்பர் ஓரத்தில் பெயிண்ட் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது மறுபடி பூசியது. ஹெட்லைட் பாலிகார்பனேட், தின்னர் பட்டால் வெடிப்பு விழுந்து மங்கிவிடும். பிளேடு கண்ணாடிக்கு மட்டும், அதுவும் புது பிளேடு, சோப்புத் தண்ணீர், படுக்கை வசம்.

செலவு யார் தலையில்?

துடைப்பதற்கு முன்பே வெளிச்சத்தில் போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள். பெயிண்ட் அடித்தவரோ வீட்டுக்காரரோ டீடெய்லிங் செலவை ஒப்புக்கொண்டால் பிரச்சினை அதோடு முடிந்தது. இன்ஷூரன்ஸுக்குப் போவதென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுக் காப்பீட்டிலும் 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். ஜீரோ டெப் இல்லாத பாலிசியில் பெயிண்ட் பொருளுக்குப் பாதிதான் தருவார்கள். இதெல்லாம் சர்வேயர் கிளெய்மை ஏற்றுக்கொண்டால்தான். கூடவே, கிளெய்ம் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் வருடத்தில் 20 சதவீதம், ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை பிரீமியத்தில் குறைகிற தொகை அது. நாலு கதவிலும் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டிய அளவு என்றால் கிளெய்ம் கேட்கலாம். க்ளே பாரில் போகிற புள்ளிக்காக போனஸை இழப்பது கட்டுப்படியாகாது.

அடுத்த மனையில் கம்ப்ரஸர் சத்தம் கேட்டால் காரைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் கவர் போடுங்கள். பாதி உலர்ந்த பெயிண்ட் மேல் மட்டும் கவர் போட்டுவிடாதீர்கள், துணியே ஒட்டிக்கொள்ளும்.