ஈவோரும் கொள்வோரும்: பன்னாட்டு நிறுவனங்களில் மனிதவள மேலாண்மையும் அறிவுப் பகிர்வும்

முன்னுரை

ஒரு நாட்டில் தலைமையிடம் கொண்டு, பல நாடுகளில் ஆலைகளும் அலுவலகங்களும் நடத்துவனவற்றைப் பன்னாட்டு நிறுவனங்கள் என்கிறோம். இவற்றின் முதலீட்டையும் இலாபத்தையும் பற்றிப் பேசுவோர் பலர். ஆயினும் இவற்றின் தலையாய செல்வம், ஒரு நாட்டில் ஒருவர் பட்டறிவால் கற்றதை மற்றொரு நாட்டில் மற்றொருவர் பயன்கொள்ளச் செய்யும் ஆற்றலே ஆகும். இதனையே அறிவுப் பகிர்வு என்பர். பணியாளரைத் தேர்ந்தெடுத்தல், பயிற்றுவித்தல், ஊதியமும் பதவி உயர்வும் அளித்தல், பணிப் பாதுகாப்பு நல்குதல் ஆகியவற்றைக் கவனிப்பது மனிதவள மேலாண்மை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள உறவினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூலார் வகுத்த ஐந்து

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலின் இயல்பு, ஆசிரியனின் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கனின் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகிய ஐந்தினையும் எடுத்துரைக்கின்றார். கல்விக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாடு தொழிற்கூடத்திற்கும் பொருந்துவதை நாம் காண்கிறோம். ஓர் அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்றடைய இவ்வைந்தும் வேண்டும். நிறுவனங்கள் பலவும் முதலாவதாகிய நூலை, அதாவது கையேடுகளையும் கணினிக் களஞ்சியங்களையும், பெரும்பொருட் செலவில் அமைத்துவிட்டு, ஏனைய நான்கினையும் மறந்துவிடுகின்றன. அந்நான்கும் மனிதரைச் சார்ந்தவை. ஆதலின் மனிதவள மேலாண்மையின் பாற்பட்டவை.

சொல்லில் அடங்காத அறிவு

அறிவினை வெளிப்படை அறிவு, உள்ளுறை அறிவு என இரண்டாகப் பகுப்பர். சூத்திரமாகவும் வரைபடமாகவும் எழுதிக் காட்டத்தக்கது முன்னது. கைப்பழக்கத்திலும் கண்ணளவிலும் உறைந்து கிடப்பது பின்னது. இப்பின்னதன் இயல்பை மைக்கேல் பொலானி 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஜப்பானியப் பேராசிரியர்களான இகுஜிரோ நோனாகாவும் ஹிரோடாகா டகேயுச்சியும் 1995இல் எழுதிய நூலில், உள்ளுறை அறிவு உடனிருந்து பழகுதலாலேயே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் என்று காட்டினர்.

அவர்கள் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. இன்று பானசோனிக் எனப் பெயர் மாறியுள்ள மட்சுஷிட்டா நிறுவனம், வீட்டிலேயே ரொட்டி சுடும் கருவியொன்றை உருவாக்க முயன்றது. கருவி பிசைந்த மாவில் ரொட்டி செவ்வையாக அமையவில்லை. காரணம் எந்த நூலிலும் இல்லை. மென்பொருள் வல்லுநரான இகுகோ தனாகா என்னும் பெண்மணி, ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் சென்று பயிற்சி பெற்றார். அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கண்டறிந்தார். அம்முறுக்கினை இயந்திரம் செய்யுமாறு பொறியாளர்கள் உட்புறத்தில் தனி வரம்புகளை அமைத்தனர். 1987இல் கருவி விற்பனைக்கு வந்தது. ஒருவரை அலுவலகத்தை விட்டு அடுமனைக்கு அனுப்பும் மனமும், அதற்கெனக் காலம் ஒதுக்கும் பெருந்தன்மையும் மேலாண்மைக்கு இருந்தமையே இவ்வெற்றிக்கு வித்து எனலாம்.

கொடுப்போர் வேண்டுவது யாது?

மானிடவியலாளர் ஜூலியன் ஓர், ஜெராக்ஸ் நிறுவனத்தில் ஒளிநகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போருடன் உடன் சென்று ஆராய்ந்து, தம் முடிவுகளை 1996இல் நூலாக்கினார். நிறுவனம் தந்த கையேடு கடினமான பழுதுகளின்போது கைகொடுக்கவில்லை. உணவு வேளையில் கூடிப் பேசிய கதைகளே அவர்களுக்குத் துணை நின்றன. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு வீண்பேச்சாகத் தோன்றியது உண்மையில் பாடமாகவே இருந்தது.

இதனை உணர்ந்த ஜெராக்ஸ், 1990களின் தொடக்கத்தில் 'யுரேகா' என்னும் திட்டத்தைப் பிரான்சு நாட்டில் தொடங்கியது. ஒருவர் கண்ட தீர்வை எழுதி அனுப்புவார். துறையில் தேர்ந்த சக பணியாளர்கள் அதனைச் சரிபார்ப்பர். பின்னர் அது கண்டவரின் பெயரோடு அனைவருக்கும் கிடைக்கும். பணப் பரிசினைவிடத் தம் பெயர் தம் தீர்வோடு இணைந்திருத்தலையே பணியாளர்கள் பெரிதாக மதித்தனர். இத்திட்டம் பின்னர்ப் பிற நாடுகளுக்கும் பரவியது. அறிவைக் கொடுப்போர் முதற்கண் வேண்டுவது மதிப்பு என்பதை இது புலப்படுத்துகிறது.

கொள்வோர் நிலை

'பணியாளர்கள் அறிவை மறைக்கின்றனர்' என்று பழி கூறுவது மேலாளர்க்கு எளிது. ஆனால் கேப்ரியல் சுலான்ஸ்கி என்னும் ஆய்வாளர், எட்டு நிறுவனங்களில் நிகழ்ந்த 122 அறிவு மாற்ற முயற்சிகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைக் கூறுகிறது. ஏற்போரிடம் ஏற்கும் ஆற்றல் இன்மை, ஒரு முறை ஏன் வெற்றி பெற்றது என்பதிலுள்ள தெளிவின்மை, இரு பிரிவினர்க்கும் இடையே நல்லுறவு இன்மை ஆகியனவே பெருந்தடைகள் என்று அவர் கண்டார். கொடுப்போரின் மனமின்மை அவற்றிற்குப் பிற்பட்டதே. இத்தடைகளைப் பயிற்சியும் பழக்கமும் நீக்கலாமேயன்றிக் கணினி நீக்காது.

ஐந்தும் கூடிய ஆலை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரிமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை 1982இல் மூடப்பட்டது. அங்குப் பணிக்கு வாராதோர் தொகை ஏறத்தாழ 20 விழுக்காடு. தொழிலாளர்க்கும் நிர்வாகத்திற்கும் ஓயாத பூசல். ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் ஜெனரல் மோட்டார்சுடன் கூட்டுச் சேர்ந்து, 1984இல் அதே ஆலையில் 'நும்மி' என்னும் பெயரில் உற்பத்தியைத் தொடங்கியது. தொழிலாளரிற் பெரும்பாலோர் பழையவர்களே; தொழிற்சங்கமும் பழையதே.

மாறியவை எவை? குழுத் தலைவர்கள் நூற்றுக்கணக்கில் ஜப்பானிலுள்ள டகோகா ஆலைக்கு அனுப்பப்பெற்று, அங்குள்ளோருடன் தோளோடு தோள் நின்று வேலை கற்றனர். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற உரிமை தரப்பட்டது. யாவற்றினும் மேலாக, நிறுவனத்தின் இருப்பே கேள்விக்குள்ளாகும் நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. பின்னர் விற்பனை சரிந்தபோது அவ்வாக்கு காப்பாற்றப்பட்டது. வேலை குறைந்தோர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டதேயன்றி அவர்கள் வெளியேற்றப்படவில்லை. 1986இன் இறுதிக்குள் ஆலையின் உற்பத்தித்திறன் பழைய ஆலையினும் இருமடங்கிற்கு மேல் உயர்ந்தது.

ஆனால் இவ்வறிவை ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிற ஆலைகளுக்கு எளிதிற் கொண்டு செல்ல இயலவில்லை. நும்மியில் கற்று வந்த மேலாளர்கள் பரந்த அந்நிறுவனத்தில் தனித்தனியே சிதறினர். அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையில் செய்த முயற்சியும் வேரூன்றவில்லை. அவ்வாலை 1992இல் மூடப்பட்டது. கயிற்றைக் கட்டுவது எளிது. அதை இழுப்பவன்மேல் சினவாத மேலாளரை உருவாக்குவதே அரிது. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலக, 2010இல் நும்மியும் மூடப்பட்டது. ஆயினும் அது தந்த பாடம் மறையவில்லை.

அச்சமும் நம்பிக்கையும்

தம் இடத்திற்கு வரவிருக்கும் குறைந்த ஊதியப் பணியாளர்க்குத் தாமே பயிற்சி அளித்துவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டோரும் பன்னாட்டு நிறுவனங்களில் உண்டு. அதனைக் கண்ணுற்ற எவரும் தாம் அறிந்ததை மனமுவந்து சொல்வாரா? அவருடைய மௌனம் பேராசையன்று. குடும்பத்தைக் காக்க எண்ணும் அச்சமே. எழுதப்பட்டவற்றை நொடியில் தொகுத்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிவிட்ட இந்நாளில் இவ்வச்சம் மிகுதியாகுமேயன்றிக் குறையாது. பகிர்ந்தவன் பகிர்ந்ததனாலேயே இழப்பான் என்றால் களஞ்சியங்கள் வெறுமையாகவே கிடக்கும்.

நிறைவுரை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், கேட்போர்க்கு அறிவை மறைத்தலைக் கண்டித்துள்ளார்கள். உழைப்போனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறும் வலியுறுத்தியுள்ளார்கள். முன்னது அறிந்தோன் கடமை. பின்னது அமர்த்தியோன் கடமை. நிறுவனங்கள் முன்னதை மட்டும் வேண்டிப் பின்னதை மறத்தல் அறமாகாது, ஆதாயமும் ஆகாது. ஊதியம் மட்டுமே கூலியன்று. உரிய பெயரும், கற்கக் காலமும், நாளையும் பணி உண்டு என்னும் உறுதியும் கூலியே ஆகும்.

நம் மாணவச் செல்வங்களுள் பலர் நாளை இத்தகு நிறுவனங்களில் கொடுப்போராகவும் கொள்வோராகவும், சிலர் ஆணையிடுவோராகவும் அமர்வர். கடைசி இருக்கையில் அமர்வோர்க்கே இக்கட்டுரையை நாம் சிறப்பாக உரித்தாக்குகிறோம். ஒருவரிடம் அவர் அறிந்ததைக் கேட்கும் முன், அதைக் கொடுத்தபின் அவர் நிலை என்னவாகும் என்பதை எண்ணுங்கள். அவ்வெண்ணம் உள்ள இடத்தில் அறிவு தானே ஊறிப் பெருகும்.