உறைக்குள்ளே என்ன இருக்கு? ஸ்காண்டிநேவிய லவுஞ்ச் சேர் ஒரு பார்வை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

இன்னைக்கு நாம பேசப்போறது நாற்காலியைப் பத்தி. சாப்பாட்டு மேசை நாற்காலி, ஆபீஸ் நாற்காலி ரெண்டையும் விட்டுடலாம். சாயங்காலம் வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு சாய்ந்து உட்கார்ந்து புத்தகம் படிக்கவோ, சும்மா இருக்கவோ வாங்குவோமே, அந்த குஷன் வைத்த லவுஞ்ச் சேர்.

இப்போ எந்த ஃபர்னிச்சர் கடைக்குப் போனாலும் "ஸ்காண்டிநேவியன் ஸ்டைல்"னு ஒரு வரிசை இருக்கும். ஒல்லியான மரக்கால், சாம்பல் நிறத் துணி, கொஞ்சம் வளைந்த முதுகு. பார்த்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனா விலைச் சீட்டைப் பார்த்தா பல மடங்கு வித்தியாசம். நேயர்கள்கிட்டேருந்து அடிக்கடி வர்ற கேள்வியும் இதுதான்: "இந்த வித்தியாசம் வெறும் பேருக்கா, இல்ல நிஜமாவே உள்ளே ஏதாவது இருக்கா?"

பேருக்கும் ஒரு விலை உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனா மீதி விலை உறைக்குள்ளே இருக்கு. அதை மூணு பிரபலமான நாற்காலிகளை வைத்துப் பார்க்கலாம்.

முதல்ல, லவுஞ்ச் சேர்னா என்ன?

சாப்பாட்டு நாற்காலியில் உட்காரும் பரப்பு தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், கிட்டத்தட்டத் தட்டையாக. லவுஞ்ச் சேரில் அது 37 முதல் 42 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். கூடவே பின்பக்கம் சரிந்திருக்கும். இந்தச் சரிவுதான் முக்கியம். நேரா உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே இருக்கிற ரெண்டு எலும்புகள் மேல விழுது. பின்னால சாயும்போது அதுல ஒரு பகுதியை முதுகுச் சாய்மானம் வாங்கிக்குது. அதனாலதான் உடம்பு தளர்கிறது.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு. தாழ்வா, சரிவா இருக்கிற இருக்கையிலிருந்து எழுந்திருக்க முழங்கால் அதிகமா உழைக்கணும். முப்பது வயசுக்காரருக்கு இது தெரியாது. வீட்டில் இருக்கிற அம்மா அப்பாவுக்குத் தெரியும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

டென்மார்க்கில் இந்த மாதிரி அளவுகளை ஒரு பாடமாவே ஆக்கினவர் கோரே கிளிண்ட். கோபன்ஹேகனில் உள்ள ராயல் அகாடமியில் 1924இல் தொடங்கிய ஃபர்னிச்சர் வடிவமைப்புத் துறையில், மனித உடம்பையும் வீட்டுப் பொருட்களையும் அளந்து பார்த்த பிறகே வரையச் சொன்னவர். அவருக்குப் பின்னால் வந்த டேனிஷ் தலைமுறை, அவரை ஏற்றுக்கொண்டாலும் எதிர்த்தாலும், அந்த அளவெடுக்கும் பழக்கத்தை விடவில்லை.

முதல் வகை: ஸ்பிரிங்கும் நாரும்

ஹன்ஸ் வேக்னர். 1914இல் பிறந்தவர், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன், மரவேலை கற்றுத் தேர்ந்தவர். வாழ்நாளில் 500க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வடிவமைத்தார். 1951இல் அவர் செய்த ஒரு நாற்காலிக்கு இன்றைக்கு "பாப்பா பேர்", அதாவது அப்பா கரடி என்று பெயர். அதன் கைப்பிடிகள் கரடி பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பது போல முன்னால் நீண்டு வரும். நுனியில் நகம் மாதிரி ஒரு மரத்துண்டு தெரியும். அது அலங்காரம் மட்டும் இல்லை. கை அதிகமாகப் படுகிற இடம் அதுதான். துணியாக இருந்தால் சீக்கிரம் அழுக்கேறித் தேய்ந்துவிடும். மரத்தைத் துடைத்தால் போதும்.

இந்த நாற்காலியில் உள்ள மரச்சட்டம் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஆனாலும் அதைச் செய்வது சிரமமான வேலை. பிபி மோப்லர் என்ற மரப்பட்டறை 1953இல் தொடங்கியபோது, அவர்களுடைய ஆரம்பகால வேலைகளில் ஒன்று இந்த மறைந்திருக்கும் சட்டத்தைச் செய்து கொடுப்பதுதான். இன்று முழு நாற்காலியையும் அவர்களே தயாரிக்கிறார்கள்.

சட்டத்துக்கு மேல என்ன இருக்கு? ஸ்பிரிங்குகள். அதுக்கு மேல சாக்குத் துணி. அதுக்கு மேல தாவர நார், குதிரை முடி, பஞ்சு என்று அடுக்கு அடுக்காக. ஒவ்வொரு அடுக்கையும் கையால் பரப்பி, கயிற்றால் கட்டி, ஊசியால் தைத்து வடிவம் கொண்டுவரணும். அனுபவமுள்ள கைக்கே ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

நம்ம ஊரில் பழைய சோஃபாவைப் பிரித்தால் தேங்காய் நார் வருமே, அதே குடும்பம்தான் இது. நார், முடி ரெண்டுக்கும் நடுவுல காற்று போய்வரும், ஈரம் தங்காது. பல வருஷம் கழிச்சு அமுங்கிப் போனாலும், பிரித்து, உதறி, கொஞ்சம் புதுசு சேர்த்து மறுபடி தைக்கலாம். அதாவது, ரிப்பேர் செய்ய முடியும் என்பது இந்தக் கட்டமைப்பிலேயே இருக்கு.

இரண்டாவது வகை: ஓடும் ஃபோமும்

இப்போ ஏழு வருஷம் தள்ளி, அதே கோபன்ஹேகன். ஆர்னே யாகப்சன் என்ற கட்டடக் கலைஞர், எஸ்ஏஎஸ் விமான நிறுவனத்துக்காக ராயல் ஹோட்டலை வடிவமைக்கிறார். கட்டடத்தோடு நிற்காமல் விளக்கு, கதவுக் கைப்பிடி, கரண்டி வரை அவரே வரைந்தார். 1960இல் ஹோட்டல் திறந்தது. அதன் 606ஆம் எண் அறையை அவர் வடிவமைத்தபடியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஹோட்டல் வரவேற்புக் கூடத்துக்காக 1958இல் அவர் உருவாக்கியதுதான் "எக்" நாற்காலி, முட்டை. ஃபிரிட்ஸ் ஹான்சன் நிறுவனம் தயாரித்தது. ஒரு பெரிய பொதுக் கூடத்தில் நூறு பேர் போய்வந்துகொண்டு இருக்கும்போது, உட்கார்ந்திருப்பவருக்குத் தனக்கென ஒரு சின்ன அறை கிடைத்த மாதிரி, முதுகும் பக்கங்களும் உயர்ந்து தலையைச் சுற்றி வளைகின்றன.

இந்த வடிவத்தை மரச்சட்டமும் ஸ்பிரிங்கும் வைத்துச் செய்ய முடியாது. செய்தாலும் யானை மாதிரி தடிமனாக வரும். அதனால் கெட்டியான ஃபோமால் ஒரே வார்ப்பாக ஓடு செய்தார்கள். இன்றைய தயாரிப்பில் அது கண்ணாடி இழை சேர்த்து வலுவாக்கிய பாலியூரிதேன். அதன் மேல் மென்மையான ஃபோம், அதன் மேல் துணி அல்லது தோல். கீழே அலுமினியக் கால்.

இதில் கஷ்டம் எங்கே என்றால், உறை போடும் இடத்தில். ஒரு பூசணிக்காயைத் தட்டையான காகிதத்தால் சுற்றிப் பாருங்க. சுருக்கம் விழாமல் சுற்றவே முடியாது. முட்டை நாற்காலியும் எல்லாப் பக்கமும் வளைந்தது. தட்டையான தோலை அதன் மேல் இழுத்து, ஒட்டி, விளிம்பைக் கையால் தைத்துச் சுருக்கமில்லாமல் முடிக்கணும். மலிவான நகல்களைக் கண்டுபிடிக்க இங்கேதான் பார்க்கணும்: காது மாதிரி வளையும் பக்கங்களிலும், இருக்கையும் முதுகும் சேரும் குழியிலும் துணி அலைபாயும், இல்லைன்னா தேவையில்லாத இடத்தில் ஒரு கூடுதல் தையல் இருக்கும்.

மூன்றாவது வகை: சட்டம் வேறு, மெத்தை வேறு

ஸ்வீடனில் புரூனோ மாத்சன் என்று ஒருவர். தடித்த குஷனே எதுக்கு என்று கேட்டவர். பனியில் உட்கார்ந்து எழுந்து, அங்கே பதிந்த தன் உடம்பின் அச்சைப் பார்த்தே நாற்காலியின் வளைவை யோசித்தார் என்று சொல்வார்கள். 1930களில் அவர் செய்த நாற்காலிகளில் சட்டத்துக்கு மரம், உட்காரக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நாடா, அவ்வளவுதான். நம்ம நாடாக் கட்டில் மாதிரி. வளைவு சரியா இருந்தா, பஞ்சு அதிகம் தேவையில்லைன்னு காட்டினவர்.

இங்கே கொஞ்சம் அட்லாண்டிக்கைத் தாண்டணும். ஏன்னா, கடைக்காரர்கள் "மாடர்ன்"னு சொல்லும்போது பெரும்பாலும் இன்னொரு நாற்காலியையும் மனசில் வச்சிருப்பாங்க. 1956இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காகச் செய்த லவுஞ்ச் சேர். (இவங்க 1958இல் இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கைதான் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக வழி செய்தது.) வளைத்த பிளைவுட்டில் மூணு ஓடுகள், ஒவ்வொன்றிலும் தனித்தனித் தோல் மெத்தை. மெத்தையைக் கழற்றலாம். கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

இதே யோசனையின் எளிய வடிவம்தான் ஐகியாவின் "போயேங்". ஜப்பானிய வடிவமைப்பாளர் நொபோரு நாகமுரா செய்தது. 1976இல் "போயம்" என்ற பெயரில் வந்து, 1992இல் பெயர் மாறியது. மெல்லிய மர அடுக்குகளை ஒட்டி வளைத்த சட்டம், மேலே கழற்றக்கூடிய மெத்தை. உட்கார்ந்தால் சட்டமே லேசாக வளைந்து கொடுக்கும். ஸ்பிரிங் செய்யும் வேலையை இங்கே மரமே செய்யுது. கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது. நல்ல நாற்காலி என்றாலே எட்டாத விலை என்பது சரியில்லைன்னு சொல்ல இந்த ஒண்ணு போதும்.

காலம் என்ன செய்யும்?

இப்போ விஷயத்துக்கு வருவோம். முதல் நாள் இந்த மூணு வகையிலும் உட்கார்ந்தால் எல்லாமே சுகம்தான். பத்து வருஷம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

பாலியூரிதேன் ஃபோம் நிரந்தரமான பொருள் இல்லை. ஒளி, காற்று, ஈரப்பதம் மூணும் அதைச் சிதைக்கும். முதலில் நிறம் மங்கும், பிறகு துள்ளல் போகும், கடைசியில் மாவு மாதிரி உதிரும். 1960களின் ஃபோம் நாற்காலிகளைப் பாதுகாக்க அருங்காட்சியகங்களே திணறுகின்றன. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஈரம் இன்னும் அதிகம். வீட்டில் பியூ லெதர் சோஃபா ரெண்டு மூணு வருஷத்தில் பாம்பு சட்டை மாதிரி உரிந்ததைப் பலர் பார்த்திருப்பீங்க. அதுவும் பாலியூரிதேன் பூச்சுதான். அதே ஈரம்தான் பெரும்பாலும் காரணம்.

கடையில் நாம என்ன செய்யறோம்? கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கு"ன்னு சொல்றோம். அது கடினத்தைத்தான் சொல்லும். ஆயுளைச் சொல்லாது. ஆயுளுக்குப் பார்க்க வேண்டியது டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. "32 டென்சிட்டி", "40 டென்சிட்டி"ன்னு கடைக்காரர் சொல்வது இதைத்தான். மென்மையான ஃபோம் அதிக டென்சிட்டியில் கிடைக்கும், கெட்டியான ஃபோம் குறைந்த டென்சிட்டியிலும் கிடைக்கும். ரெண்டும் வேற வேற. உட்காரும் இடத்துக்கு 40 கேளுங்க. முதுகுக்குக் குறைவானது போதும்.

துணிக்கும் ஒரு எண் உண்டு. மார்டின்டேல் என்பது, துணியை இயந்திரத்தில் தேய்த்து எத்தனை தேய்ப்பு தாங்குது என்று எண்ணும் சோதனை. வீட்டுக்கு 20,000க்கு மேல் இருந்தால் பொதுவாகப் போதும். டென்மார்க்கின் நானா டிட்ஸல் 1965இல் வடிவமைத்த ஹாலிங்டால் என்ற கம்பளித் துணி 1,00,000 தேய்ப்பு தாங்கும். ரயில், அலுவலகம் மாதிரி இடங்களில் அந்த மாதிரி துணி தேவைப்படும். வீட்டில் அந்த அளவு வேண்டியதில்லை.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

வாங்கப் போறவங்களுக்கு நாலு விஷயம்.

ஒண்ணு, நாற்காலியைப் புரட்டிப் பாருங்க. அடியில் ஒரு கறுப்புத் துணி ஸ்டேப்பிள் அடித்திருக்கும். அதன் வழியாகக் கையால் தடவினாலே ஸ்பிரிங்கா, எலாஸ்டிக் பெல்ட்டா, வெறும் பலகையா என்று தெரியும். பலகை மேல் வெறும் ஃபோம் என்றால், ஃபோம் அமுங்கிய அன்றைக்கு நாற்காலியும் முடிஞ்சுது.

ரெண்டு, மெத்தையில் ஜிப் இருக்கா? உறையைக் கழற்ற முடியுமா? ஒட்டி மூடிய நாற்காலியை ஊரில் இருக்கிற குஷன் வேலைக்காரர் பிரிக்கத் தயங்குவார். ஜிப் வைத்த மெத்தைக்கு ஃபோம் மாத்த அரை நாள் போதும்.

மூணு, இருபது நிமிஷம் உட்காருங்க. முதல் ரெண்டு நிமிஷம் எந்த மெத்தையும் சுகமாத்தான் இருக்கும். பத்து நிமிஷத்துக்கு மேலதான் கழுத்தும் தொடையின் அடிப்பக்கமும் பேச ஆரம்பிக்கும். பாதம் தரையில் முழுசாப் பதியணும்.

நாலு, ஆரம்பத்தில் சொன்னதுதான். அந்த நாற்காலியில் வீட்டில் யார் அதிகம் உட்காரப் போறாங்களோ அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. பெரியவங்கன்னா, உட்காரச் சொல்வதோடு நிறுத்தாமல் எழுந்திருக்கவும் சொல்லிப் பாருங்க. கைப்பிடி உறுதியா, ஊன்றி எழ வசதியா இருக்கணும். 42 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் யோசிங்க.

இந்த நாலுக்கும் சரியான பதில் கிடைத்தால், அது டேனிஷ் பெயர் உள்ள நாற்காலியாக இருக்கணும்னு அவசியமே இல்லை. உள்ளூர்த் தச்சரும், நல்ல குஷன் வேலைக்காரரும் சேர்ந்து செய்து கொடுத்தாலும் போதும். வேக்னரும் முதலில் அப்படி ஒரு பட்டறையில் வேலை கற்ற தச்சர்தானே.

உங்க வீட்டு நாற்காலியைப் புரட்டிப் பார்த்து உள்ளே என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.