இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறாரா அப்பா? - புராஸ்டேட் வீக்கம்... அறிகுறிகள் முதல் சிகிச்சை வரை!

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததுமே பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்கிறார். மூன்று மணி நேர பஸ் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மறுக்கிறார். இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறார். கேட்டால், "வயசாயிடுச்சுல்ல... அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அறுபதைத் தாண்டிய அப்பாக்களும் தாத்தாக்களும் பல வீடுகளில் இப்படித்தான் நாள்களைக் கடத்துகிறார்கள். பிள்ளைகளிடமோ மருமகளிடமோ சொல்லக் கூச்சம். சொல்லாமலே விட்டால், ஒருநாள் சிறுநீர் முழுவதுமாக அடைத்துக்கொண்டு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி மோதிரம்போல அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளம் வயதில் இதன் எடை சுமார் 20 கிராம். வயது கூடக்கூட, ஹார்மோன்களின் தூண்டுதலால் இது மெள்ள வளர்கிறது. 60 வயதில் ஏறக்குறைய பாதிப் பேரிடமும், 80-ஐக் கடந்தவர்களில் பெரும்பாலானோரிடமும் இந்த வளர்ச்சி இருக்கும். ஆனால், அத்தனை பேருக்கும் தொந்தரவு வருவதில்லை. சுரப்பி எவ்வளவு பெரிது என்பதைவிட, குழாயை எவ்வளவு நெருக்குகிறது என்பதே முக்கியம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* சிறுநீர் வரத் தாமதமாவது, முக்க வேண்டியிருப்பது
* மெல்லிய தாரையாக, விட்டு விட்டு வருவது
* போய் வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு
* அடக்க முடியாத அவசரம்
* இரவில் பலமுறை எழுந்திருப்பது

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க சர்க்கரை நோய், இதயப் பிரச்னை, சில பிரஷர் மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். அதனால் நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

இது புற்றுநோயா?

பலரும் டாக்டரிடம் போகத் தயங்குவது இந்தப் பயத்தால்தான். சாதாரண புராஸ்டேட் வீக்கம் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால், இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால் பரிசோதனை அவசியம். சிறுநீர்ப் பரிசோதனை, ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்ப்பது, அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன், தேவைப்பட்டால் பி.எஸ்.ஏ ரத்தப் பரிசோதனை ஆகியவை செய்யப்படும். பி.எஸ்.ஏ அளவு வீக்கத்தாலும் கிருமித்தொற்றாலும்கூட உயரும். எண் கூடியிருப்பதாலேயே புற்றுநோய் என்று பதற வேண்டாம்.

ஜலதோஷ மாத்திரையில் கவனம்!

மூக்கடைப்பு, ஜலதோஷத்துக்காக மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போடும் பல மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதியை இறுக்கவோ, பையின் சுருங்கும் சக்தியைக் குறைக்கவோ செய்யும். ஏற்கெனவே வீக்கம் உள்ளவருக்கு ஒரே இரவில் சிறுநீர் அடைத்துக்கொள்ள இது போதும். மலச்சிக்கல், மது, நீண்ட நேரம் அடக்கிவைப்பது ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

சிகிச்சை என்ன?

தொந்தரவு குறைவு என்றால் பழக்கங்களை மாற்றினாலே போதும். தண்ணீரைப் பகலில் தேவையான அளவு குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளலாம். மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். ஒருமுறை சிறுநீர் கழித்த பிறகு, சற்றுப் பொறுத்து மறுபடி முயன்றால் பை நன்றாகக் காலியாகும்.

அடுத்த கட்டம் மாத்திரைகள். டாம்சுலோசின் போன்றவை தசையைத் தளர்த்தி, சில நாள்களிலேயே பலன் தரும். திடீரென எழுந்தால் தலைசுற்றலாம் என்பதால், இரவில் கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது, இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆபரேஷனின்போது கண்ணின் கருவிழித்திரை தளர்ந்து சிக்கல் தரலாம்.

ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு வகை மாத்திரைகள் சுரப்பியைச் சுருக்கும். பலன் தெரிய ஆறு மாதங்கள்கூட ஆகலாம். இவை பி.எஸ்.ஏ அளவைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், பரிசோதனையின்போது டாக்டரிடம் சொல்வது அவசியம்.

மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டாலோ, அடிக்கடி அடைப்பு, கிருமித்தொற்று, சிறுநீர்ப்பைக் கல், சிறுநீரகப் பாதிப்பு இருந்தாலோ ஆபரேஷன் தேவைப்படும். பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே எண்டோஸ்கோப்பி அல்லது லேசர் மூலம் செய்யப்படுகிறது.

உடனே ஓட வேண்டியது எப்போது?

சிறுநீர் சொட்டுக்கூட வராமல் அடிவயிறு வீங்கி வலித்தால், ரத்தம் கலந்து வந்தால், குளிர்காய்ச்சலோடு எரிச்சல் இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. டியூப் வைத்து சிறுநீரை வெளியேற்றினால் வலி உடனே குறையும். தாமதித்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

அப்பா தானாக வாய் திறக்க மாட்டார். எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார், எத்தனை முறை போனார் என்று மூன்று நாள்களுக்கு ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு வாயால் சொல்ல முடியாததை அந்த நோட்டே டாக்டரிடம் சொல்லிவிடும்.