25 டிகிரியிலும் வெப்ப அலை

ஸ்காட்லாந்தில் தொடர்ந்து மூன்று நாள் பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும், பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் கணக்கில் அது வெப்ப அலை. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் வரம்பு 28. இந்தியாவிலோ, 2020 முதல் நட்சத்திரக் குறியீட்டுடன் விற்கும் ஏசிகள் 24 டிகிரியில் ஓடத் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. இங்கே காசு கொடுத்து வாங்கும் குளிர்ச்சிக்கும் அங்கே வெப்ப அலைக்கும் இடையே ஒரே ஒரு டிகிரி!

சிரிப்பு வரத்தான் செய்யும். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. வேலூர்க்காரருக்கு அது கத்திரி வெயிலில் வழக்கமான ஒரு நாள். பிரிட்டனில் அதற்கு முன் வெப்பம் 40ஐ எட்டியதே இல்லை. முந்தைய நாளே லூட்டன் விமான நிலைய ஓடுபாதையின் மேற்பரப்பு பெயர்ந்து விமானங்கள் நின்றன. லண்டனில், விக்டோரியா காலத்து ஹேமர்ஸ்மித் பாலத்தில் விரிசல் பெரிதாகாமலிருக்க அதன் சங்கிலிகளுக்கு வெள்ளித்தாள் சுற்றினார்கள்.

ரயில்களும் தடுமாறின. பிரிட்டனின் தண்டவாளங்கள் 27 டிகிரியில் இழுவிசையோ அழுத்தமோ இல்லாமல் இருக்கும்படி பொருத்தப்படுபவை. வெயில் நேராக விழும் தண்டவாளம் காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறும். நீள இடமில்லாத இரும்பு பக்கவாட்டில் வளையும். அதனால்தான் ரயில்களை மெதுவாக ஓட்டுகிறார்கள். ஆபத்தான இடங்களில் தண்டவாளத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

வீடுகளும் குளிருக்கென்றே கட்டப்பட்டவை. தரையில் கம்பளம், உள்ளே வந்த சூட்டை வெளியே விடாத சுவர்கள். பெரும்பாலான வீடுகளில் ஏசியும் இல்லை, கூரை மின்விசிறியும் இல்லை. ஜூலையில் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணியாகிவிடும்.

உடல் மட்டும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தினமும் வெயிலில் வேலை செய்பவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அளவும் கூடும், அதில் உப்பு குறையும். ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் இதயத்துக்குச் சுமை குறையும். வெயிலைவிட்டு விலகியிருந்தால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் போய்விடும். கோடையின் முதல் வெப்ப அலை அதிகம் தாக்குவதற்கு இது ஒரு காரணம்.

இந்திய வானிலைத் துறையும் ஊருக்கு ஊர் அளவுகோலை மாற்றித்தான் வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 என்ற வரம்பை எட்டினால்தான் வெப்ப அலையா என்ற பேச்சே எழும். அந்த இடத்தின் வழக்கத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். ஈரப்பதத்தால் வியர்வை காயாத கடலோரத்துக்கு வரம்பைக் குறைத்திருப்பது நியாயம்தான். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டி 29 டிகிரியைத் தொட்டதே பெரிய செய்தியானது.

வெயிலுக்குப் பழகிய ஊருக்கும் ஓர் எல்லை உண்டு. அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரிக்கு ஏறியது. அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அந்த மாநகராட்சி வெப்பத்துக்கென்றே தனிச் செயல்திட்டம் வகுத்தது. அதன்படி அங்கே சிவப்பு எச்சரிக்கை 45 டிகிரியில்.